ஒரே வரிசையில் இரண்டு ஆறு

அன்புள்ள தம்பி மகன் வஜீஹுக்கு, அலெக்சாந்திரியாவிலிருந்து உன் அத்தை இன்ஷிராஹ் எழுதுவது. உனக்கும் உன் மனைவிக்கும் இறைவன் குறைவில்லாத அமைதி தரட்டும். போன பெருநாளுக்கு நான் பலகாரம் அனுப்பிய டப்பாவை இன்னும் திருப்பித் தராத உன் மாமியாருக்கும் தரட்டும். பச்சை மூடி.

நான் சுகமாக இல்லை. காரணம் நீ.

ஒருநாள் காப்பி பொங்கி அடுப்பு அணைந்ததைப் பார்த்துவிட்டு, என் மகன் ஹாஸிம் எனக்கு ஞாபகம் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டான். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு, கெய்ரோவில் அவன் துணி உலர்த்தும் அறையில் நான் படுக்க வேண்டுமாம். எனக்கா ஞாபகம் போயிற்று? அவன் கல்யாணத்துக்கு அவன் மாமனார் நான்கு கிலோ இறால் என்று சொல்லி மூன்று கிலோ கொண்டுவந்ததை இப்போதும் சொல்வேன். “சரிம்மா, வெள்ளிக்கிழமை என் கண்ணு முன்னால ஒரு சுடோக்கு போட்டுக் காட்டு, இங்கயே இரு. இல்லன்னா பெட்டியைக் கட்டு” என்றான். அதை எங்கே கற்பது என்றுதான் உன்னிடம் கேட்டேன். “மூணுமே அருமை அத்தை” என்று மூன்று இணையப் பக்கங்களை அனுப்பினாய். நீ ஒன்றையாவது திறந்து பார்த்தாயா?

முதல் பக்கத்தில் ஒரு மீசைக்காரன் கால் மணி நேரம் தன் பெருமையைப் பேசினான், மணியை அழுத்து என்றான், முடி எண்ணெய் விற்றான். கட்டத்தைக் கண்ணில் காட்டவே இல்லை. இரண்டாவது, எந்த மொழியிலிருந்தோ எந்திரம் பெயர்த்தது. “இப்போது கத்திமீனைப் பிடியுங்கள்” என்று இருந்தது, சுடோக்கில் அது ஏதோ உத்தியின் பெயராம். அன்ஃபூஷி சந்தையில் ஐம்பது வருஷம் மீன் வாங்கியவள் நான், எனக்கா மீன் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள்? மூன்றாவதில் பேச்சே இல்லை, ஒரு துனிசியாக்காரியின் கை மட்டும். தப்பாக எழுதினால் அழிக்கும், அந்த அழிப்பையும் மறைக்காமல் காட்டும். அதனாலேயே நம்பினேன். எந்தக் கட்டத்தில் எது வரவே முடியாது என்று அடித்துக்கொண்டே போனால் மிச்சமிருப்பது தானே வந்து நிற்கும் என்று கற்றேன். ஆனால் அவள் எழுதியது நம் அரபு எழுத்து எண்கள் இல்லை, வெள்ளைக்காரர் எழுதும் பரங்கி எண்கள். நான் நாலாம் வகுப்பு. நெற்றிக்கோடும் காலுமாக நிற்பதுதான் நமக்கு ஆறு. அவளிடமும் அப்படி ஒன்று இருந்தது, இதோ இப்படி: 7. அதை ஆறு என்று எடுத்துக்கொண்டேன். 6 என்று சுழித்த வாலோடு இருந்ததை ஏழாக்கினேன்.

வெள்ளிக்கிழமை ஹாஸிம் அலுவலகத்தில் அச்செடுத்த தாளோடு வந்தான். அதுவும் பரங்கி எண். அச்சானதற்குப் பக்கத்தில் நம் எண்களை எழுதி, முக்கால் மணியில் முடித்தேன். பேனாவை நாலாவது வரிசையில் வைத்தான்.

“அம்மா, இங்க அச்சுல ஆறு இருக்கு. நீ இன்னொரு ஆறு போட்டிருக்கே.”

“அச்சுல இருக்கறது ஏழுடா.”

“பாத்தியா? நம்பரே மறந்துபோச்சு! உலகத்துக்கே அது ஆறும்மா.”

பெட்டியை அவனே பரண்மேலிருந்து இறக்கினான். நாளைக் காலை வருகிறான். அந்தத் துனிசியாக்காரியின் கை விளங்காமல் போகட்டும். அவளை அனுப்பிய உன்னை நான் மன்னிக்கவில்லை, எழுதி வைத்துக்கொள்.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், உன்னைப்போல் பார்க்காமல் அனுப்பாதவர்களாக வளரட்டும்.

இப்படிக்கு,
அத்தை இன்ஷிராஹ்

பின்குறிப்பு: மேல்மாடி தவ்லத், இருபது வருஷத்துக்கு முன் கம்பளம் கழுவி என் போர்வைகளை நனைத்தவள், பெட்டியைப் பார்த்து உள்ளே வந்துவிட்டாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள், இரண்டு எண்ணும் தெரியும். தாளைப் பார்த்தாள். “அடியே, நீ எழுதின ஆறையெல்லாம் ஏழுன்னு படி, ஏழையெல்லாம் ஆறுன்னு படி. எங்கயாவது இடிக்குதா பாரு” என்றாள். எண்பத்தோரு கட்டமும் பார்த்தோம். ஒன்றுகூட இடிக்கவில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை. துனிசியாக்காரிக்கு விட்ட சாபத்தை அடித்துவிடு, அவள் கை நீடூழி வாழட்டும். அந்தச் சாபம் மீசைக்காரனுக்குப் போகட்டும். ஹாஸிமுக்கு நீ எதுவும் சொல்லாதே. பெட்டியை மறுபடி பரணில் ஏற்ற ஆள் வேண்டும், வரட்டும். என் மகன் பொறியாளன், வஜீஹ். நான் தப்புப் பண்ணியிருக்கிறேனா என்று மட்டும்தான் பார்த்தான், சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்க்கவே இல்லை. இதையும் நான் மறக்கமாட்டேன்.