தனியா கவனிக்கணும்

வஞ்சிர மீன் ஒன்றை வாழையிலையில் சுற்றிக்கொண்டு மூன்றாம் வகுப்பு வாசலில் நின்றார் இன்னாசிராஜ். உள்ளே அவருடைய மகன் சகாய ஆனந்த் பெஞ்சுக்கு அடியில் புகுந்து, நாலு பிள்ளைகளின் கால்களை வலை நூலால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

முந்தின நாள்தான் ஜெயராணி டீச்சர் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். பையன் கெட்டவன் இல்லை, அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, கோபம் வந்தால் கடித்துவிடுகிறான் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் தனியா கவனிக்கணும். அப்பத்தான் சரிவரும்" என்று முடித்தார்.

ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்கள் ஆனந்தை வேண்டாம் என்று அனுப்பியிருந்தன. இதுவும் கைவிட்டால் பிள்ளையின் படிப்பு அவ்வளவுதான். பெற்ற வயிறு மட்டுமா, பெற்ற நெஞ்சும் எரியும். திரும்பிப் போகிற வழியில் பள்ளிக்கூட வாட்ச்மேன் சுப்புராயனிடம் புலம்பித் தீர்த்தார்.

"தனியா கவனிக்கணும்னாங்களா?" சுப்புராயன் சுற்றுமுற்றும் பார்த்தார். "இதுக்குமேல ஒரு டீச்சரம்மா எப்படித் தம்பி வாயத் தொறந்து கேப்பாங்க? நீ தேவனாம்பட்டினத்துப் படகுக்காரன் வேற."

அப்படி வந்ததுதான் வஞ்சிரம். டீச்சர் பதறிப்போனார். "அய்யோ, இதெல்லாம் வேணாங்க. ஹெச்.எம்., இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர சிதம்பரத்துலேர்ந்து வர்ற ஸ்பெஷல் மேடம்னு எல்லாரும் சேர்ந்து கவனிக்கணும்னுதான் சொல்றேன்."

"பாத்தியா, யார் யாருக்குன்னே சொல்லிட்டாங்க" என்றார் சுப்புராயன். வந்த மீனைத் திருப்பி எடுத்துப்போவது நல்லதில்லை என்று வாங்கித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் தலைமையாசிரியர் திருநாவுக்கரசின் மேசைக்கு இறால் போனது. அவரோ சுத்த சைவம். மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் வெளியே ஓட, இரண்டு பூனைகள் உள்ளே ஓடின. இறாலும் சைக்கிளில் ஏறியது. காரியம் கெட்டது என்று இன்னாசிராஜ் கலங்கியபோது, சுப்புராயன்தான் தைரியம் சொன்னார். "ஸ்பெஷல் மேடம் வியாழக்கிழம வருது. அதுக்கு நண்டுன்னா உசுரு."

வியாழக்கிழமை உயிருள்ள நண்டு ஒரு கூடை வந்தது. ஸ்பெஷல் மேடம் ஸ்ரீமதியைப் பார்த்த பதற்றத்தில் இன்னாசிராஜ் கூடையை வகுப்பு வாசலிலேயே தவறவிட்டார். நண்டுகள் நாலா பக்கமும் நடந்தன. பிள்ளைகள் பெஞ்சின்மேல், ஜெயராணி டீச்சர் நாற்காலியின்மேல்.

ஆனந்த் மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். டவுசர் பையிலிருந்து நூலை எடுத்தான். ஒவ்வொரு நண்டாகப் பிடித்து, கடிபடாமல் கொடுக்கைக் கட்டிக் கூடையில் போட்டான். கடைசி நண்டு வரைக்கும் அவன் எழுந்திருக்கவேயில்லை.

"இவனா உக்கார மாட்டான்?" ஸ்ரீமதி மேடம் அவன் பக்கத்தில் தரையிலேயே அமர்ந்தார். "கைக்கு வேல குடுத்தாப் போதும். மிச்சத்த நான் சொல்லித் தரேன்."

இன்னாசிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடையை மேடத்தின் பக்கம் தள்ளி, தனியாகக் கவனிப்பதாகத் தழுதழுத்தார்.

மேடம் சிரித்துவிட்டார். "என்னை இல்லைங்க, இவனைக் கவனிக்கணும். வாரம் ரெண்டு நாள் நான் வரப்போறேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லி ஹெச்.எம். வாட்ச்மேன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாரே. அந்த இறால் வந்த அன்னிக்கு."

இன்னாசிராஜ் மெதுவாகக் கேட் பக்கம் திரும்பினார். சுப்புராயன் சைக்கிளில் பெரிய பையாகப் பார்த்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் தம்பி. நண்டு வரட்டுமேன்னு பாத்தேன்."