ராமசுப்பிரமணியன் கேட்ட வெளிச்சம்

அரைக்கண் ரசிகர் என்றோர் இனம் உண்டு. ஓவியத்தைக் கண்டால் மூன்றடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை முழுதும் மறு கண்ணைப் பாதியும் மூடி, கட்டைவிரலை நீட்டி, நாலு பேர் கூடும்வரை அசையாமல் நின்று, பிறகு தீர்ப்புச் சொல்வார்: "கலர் கெடக்கட்டும். டோன் எங்கே?" டோன் என்றால் படத்தில் வெளிச்சம் எவ்வளவு, இருட்டு எவ்வளவு என்பது. கண்ணைச் சுருக்கினால் வண்ணம் மங்கி அது மட்டும் தெரியுமாம். உண்மைதான், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கீழ்வேளூர் ராமசுப்பிரமணியன் அந்த இனம். நில உச்சவரம்புச் சட்டத்தில் வயல் போனதும் ஓவியத்துக்கு வந்தவர். கூலி உயர்வு கேட்டு வரப்பெல்லாம் கொடி பறந்த காலம். கறுப்புக் கண்ணாடி போட்டவரை மேடையில் நாற்காலி தேடிவந்த காலமும் அதுவே. அவரும் ஒன்று மாட்டினார். அப்புறம் கழற்றுவாரா? குளிக்கும்போது கழற்றுவதாகக் கேள்வி.

பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலைக்கு மலர்கொடியின் படம் அவர் முன் வந்தது. தேர்வாளர் அவர்தான். தலையாட்டினால் வேலை. இல்லாவிட்டால் கோடியக்கரைக்குத் திரும்பி அப்பாவோடு கருவாடு காயவைக்க வேண்டியதுதான், பாவம். படத்தில் உச்சி வெயில். புளியமர நிழலில் நடவுப் பெண்கள் கஞ்சி குடிக்கிறார்கள். அந்த நிழலுக்குள் ஆறு முகங்களை, ஒன்றைவிட ஒன்று துளி வெளுப்பாக, பத்து நாள் பொறுமையாகத் தீட்டியிருந்தாள்.

கறுப்புக் கண்ணாடிக்குள் அரைக்கண் மூடியது.

"ஒரே இருட்டா இருக்கேம்மா! மரத்தடியில ஒரு ஆளக் காணோமே. வெளிச்சம் போடு. அரை மணி தரேன்."

மலர்கொடி தூரிகையை எடுத்தாள். போட்டால் படம் பாழ், போடாவிட்டால் பிழைப்பு பாழ். தூரிகையைத் தண்ணீரில் நனைத்தாள், உதறினாள், மறுபடி நனைத்தாள். படத்தைத் தொடவில்லை.

படத்துக்கு உட்கார்ந்து கொடுத்த எல்லையம்மாளும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் இருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நடுவுல சிரிக்கிறது நாந்தான் சாமி! இருபது வருசம் உங்க வயல்லதான நட்டேன், தெரியலையா?"

"டோன் தெரியாம பேசாதே" என்றவருக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பார்வை படத்தில் விழுந்தது.

"பாத்தேளா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவினார். "நான் சொன்னப்புறம் எப்படி வெளிச்சம் வந்திருக்கு! அட, நம்ம எல்லையம்மா!"

"நீங்க சொன்னதாலதான் சார்" என்றாள் மலர்கொடி, சாயம் படாத தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. வேலை கிடைத்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அடுத்த தடவை எதையாவது பார்த்து "ஒரே இருட்டு" என்று வாயெடுக்கும்போது மட்டும், மூக்கின் மேல் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.