ஒன்பதாவது அடி

திருநெல்வேலிச் சீமையிலேயே, வீட்டுத் தரகு என்ற பெயரில் ஒரு வீட்டையும் விற்கவிடாமல் பார்த்துக்கொண்டவர் காலடி அண்ணாச்சி ஒருவர்தான். என் வீடு மட்டும் எப்படியோ தப்பியது.

எனக்கு அப்போது இருபது வயது. கல்யாணமான கையோடு, "சொந்த வீடு பாத்துட்டு வாரும் மாப்பிளே, பெறகு பிள்ளையை அனுப்புதேன்" என்று ஸ்ரீவைகுண்டத்து மாமனார் சொல்லிவிட்டார். படித்தது நாலாம் வகுப்பு. புது ஆளிடம் வழி கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அண்ணாச்சியைப் பிடித்தேன்.

பாண்டியன் இருந்து ஆண்ட ஊர். அதில் ஒரு தெருகூட இவருக்கு ஆகவில்லை.

"டவுணா? ஆனித் தேர் வந்தா ஊர்ப்பட்ட சொந்தமும் ஒம்ம வீட்டுலதான் கை நனைக்கும். பாளையங்கோட்டையா? கிறிஸ்தவங்க வேதக்கோயில் மணிக்கு எந்திச்சு, பள்ளிக்கூட மணிக்குச் சாப்பிடணும். கொக்கிரகுளமா? கோர்ட்டுக் கச்சேரிக்கு வாரவன்லாம் ஒம்ம வாசல்ல வெத்தலை துப்புவான். வண்ணாரப்பேட்டைன்னா ஆறு பெருகுதன்னைக்குக் கட்டிலோட ஸ்ரீவைகுண்டம் போயிரலாம். வண்டிக்கூலி மிச்சம் வே."

தெரு தப்பினாலும் அடுக்களை தப்பாது. சுவரில் குதிகாலை ஒட்டி, அடிமேல் அடி வைத்து அளப்பார். மனையடி சாஸ்திரப்படி எட்டு அடி பாக்கியம், ஏழு தரித்திரம், ஒன்பது பீடை. அவர் பாதமோ தோணி மாதிரி இருக்கும். எந்த அடுக்களையும் ஏழைத் தாண்டவில்லை. இப்படியே பதினோரு வீடு கைநழுவிப் போயிற்று. ஒரு வருஷமும் போயிற்று. ஆவணிக்குள் வீடு இல்லையென்றால் கல்யாணத்தைத் தீர்த்துவிடுவதாக மாமனார் சொல்லியனுப்பினார்.

பன்னிரண்டாவது, தச்சநல்லூரில் ஒரு சின்ன ஓட்டு வீடு. அங்கும் ஏழு.

"வேண்டாம் வே."

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். "அண்ணாச்சி, சாஸ்திரத்துல யாரு காலால அளக்கச் சொல்லியிருக்கு?"

"வீட்டுக்காரி காலால."

"நாம அளந்தது?"

தன் பாதத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இதக் கேக்க ஒமக்கு ஒரு வருஷமா வே?" என்று என்னையே வைதார்.

மறுநாள் விடியுமுன் ஸ்ரீவைகுண்டத்துக்கு நடந்தே போனார். மாமனாரிடம் என்ன சொன்னாரோ, மூன்றாம் நாள் வில்வண்டியில் அப்பாவும் மகளும் வந்து இறங்கினார்கள்.

அடுக்களையில் அவள் மெட்டிக் காலை ஒட்டி ஒட்டி வைத்தாள். அண்ணாச்சி எண்ணினார். "ஆறு, ஏழு, எட்டு." அதற்குமேலும் ஓர் அடி இடம் மிச்சமிருந்தது. மாமனார் எட்டிப் பார்த்தார்.

ஒரு விரற்கடைப் பிசகுக்கும் இடங்கொடாத அண்ணாச்சி, அந்த இடத்தில் ஏறி, சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார்.

"எட்டு. முடிஞ்சுது. பிள்ளைய விட்டுட்டுப் போவும் வே."

அந்த ஓர் அடியில் என் வீட்டுக்காரி இன்றுவரை ஒரு செம்பைக்கூட வைத்ததில்லை. கேட்டால், "அங்கன அண்ணாச்சி நிக்காவ" என்பாள்.