களிமண் கட்டியும் தொடாமைத் தீர்மானமும்

"காசு குடுத்து மண்ணு வாங்கினு வந்துருக்கியே, உனுக்கு இன்னாடா ஆச்சு?"

"மண்ணு இல்லம்மா. க்ளே."

"க்ளேன்னா?"

"களிமண்ணு."

"அதத்தான்டா நானும் கேக்கறேன். நம்ம கழனில மாடு எறங்குனா முட்டி வரைக்கும் பொதையுது. அங்க இல்லாத களிமண்ணா?"

கள்ளக்குறிச்சி பக்கத்துல வடக்கனந்தல்ல அந்தத் தெருவுல அன்னிக்கு இந்தச் சண்டை கேக்காத வூடு இல்ல. கேட்டவங்க பெரியநாயகி அம்மா. பதில் சொன்னது அவங்க புள்ள இளவரசன். ரெண்டு பேருக்கும் நடுவுல, டப்பாவுக்குள்ள சோப்பு சைசுல, நீலக் கலர்ல, யாருக்கும் பதில் சொல்லாம உக்காந்துருந்துச்சு அந்த மண்ணு.

மனுஷன் மொதல்ல நெருப்பக் கண்டுபுடிச்சான். அப்புறம் சக்கரம். அப்புறம் ரொம்ப நாள் சும்மா இருந்துட்டு கார் தேய்க்கற களிமண்ணக் கண்டுபுடிச்சான். மனுஷ நாகரிகத்தோட உச்சம் இந்த மூணாவதுதான்னு நான் அடிச்சு சொல்லுவேன். மொத ரெண்டும் எல்லாருக்கும் பொது. மூணாவதுக்கு மட்டும் கார் வேணும்.

இளவரசன்கிட்ட இருந்துச்சு. வெள்ளைக் கார். அதுக்கு ஷாம்பூ போட்டு நுரை கட்டிக் கழுவி, துணி போட்டுத் தொடைச்சு, ஒரு நாளு பெரிய சோதனை ஒண்ணு பண்ணாரு. கையில பிளாஸ்டிக் கவர மாட்டிக்கினு பானெட்ட மெதுவா தடவிப் பாக்கறது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு, கவர் வழியா தடவுனா கைக்குத் தெரியுமாம். தடவுனாரு. அடிப்புடிச்ச பாத்திரம் மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு. அன்னிக்கு அவருக்கு சோறு எறங்கல.

இந்த சோதனையச் சொல்லிக் குடுத்தவரு அறிவுச்செல்வன். 'கள்ளக்குறிச்சி வட்டார வாகன மேனிப் பாதுகாப்புப் பேரவை'யோட நிறுவனத் தலைவர். பேரவைன்னா வாட்ஸ்அப் குரூப்புதான். ஆனா அதுக்கு செயற்குழு உண்டு, பைபாஸ் ஓரம் டீக்கடைக்குப் பின்னாடி கூடும். கார் அழுக்காவறதுக்கு மூல காரணம் இன்னான்னு ஒரு கூட்டத்துல ஆழமா விவாதிச்சாங்க. தூசி, தாரு, காக்கா எச்சம்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடைசில மனுஷன் கைதான் மூல காரணம்னு முடிவாச்சு. உடனே தீர்மானம் எழுதுனாங்க: 'வாகனத்தின் மேனியை உரிமையாளர் தவிர பிறர் தீண்டலாகாது.'

'தீண்டலாகாது'ல தலைவருக்கு மட்டும் ஒரு உறுத்தல். "தீண்டாமை பாவச்செயல்னு பாடப் புத்தகத்துல மொதப் பக்கத்துலயே போட்டுருக்காங்க. நாம அப்பிடிப்பட்ட ஆளுங்க கெடையாது. 'தொடாமை'ன்னு மாத்திக்கலாம்," அப்பிடின்னாரு. ஒரு சொல்லத் திருத்தி ஒரு பாவத்தக் கொள்கையா ஆக்குன மனுஷன் அவரு. தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சு. எல்லாரும் இன்னொரு பஜ்ஜி சாப்ட்டாங்க.

அந்தப் பேரவை பரிந்துரை பண்ண வைத்தியந்தான் களிமண் கட்டி. கட்டியப் பெசைஞ்சு தட்டையாக்கணும். பெயின்ட்டு மேல சோப்புத் தண்ணி அடிக்கணும். அப்புறம் அழுத்தாம, நேர் கோட்டுல, போய்க்கினும் வந்துக்கினும் தேய்க்கணும். ஒட்டிக்கினு இருக்கற அழுக்கெல்லாம் மண்ணு கவ்விக்கும். கேக்க சுலபமா இருக்கும். ஒரு கார் முழுசும் தேய்க்க ஒரு பகலு வேணும், ரெண்டு கை வேணும். இளவரசனுக்குப் பகல் இருந்துச்சு. கையும் இருந்துச்சு, ஆனா அது மேற்பார்வைக்கு.

அதனால வேடியப்பனக் கூப்ட்டாரு. வேடியப்பன் அவங்க கரும்புத் தோட்டத்துல ரொம்ப வருஷமா கூலி வேல செய்யறவரு, இளவரசனுக்கு அப்பா வயசு. மத்த நாள்ல 'ஏ வேடியப்பா.' காரு தேய்க்கற நாள்ல 'வேடியப்பண்ணே.' மனுஷனுக்கு மரியாதை குடுக்கறதுல பேரவை உறுப்பினருங்க யாருக்கும் சளைச்சவங்க இல்ல.

கூலி எதுவும் வேணாம்னுட்டாரு வேடியப்பன். அவரு கேட்டது வேற. மவ கலையரசிக்கு மறுநா கள்ளக்குறிச்சில நர்சிங் காலேஜு கவுன்சிலிங். காலைல மொதப் பஸ்ஸு ஒரு நாளு வரும், ஒரு நாளு வராது. பேரு கூப்புடும்போது ஆளு இல்லைன்னா சீட்டு அடுத்த பேருக்குப் போயிடும். "பாப்பாவ மட்டும் கார்ல கொண்டும்போயி வுட்டுட்டீங்கன்னா போதும் சின்னவரே," அப்பிடின்னாரு. இளவரசன் நெஞ்சுல கைய வெச்சு, அது தன்னோட கடமைன்னாரு.

தேய்ச்சாரு வேடியப்பன். மொதல்ல கரகரன்னு சத்தம் வந்துச்சு, தேய்க்கத் தேய்க்க சத்தம் கம்மியாயி வழுக்க ஆரம்பிச்சுது. கட்டியத் திருப்பிப் பாத்தா கருகருன்னு கோடு. அவரு உத்துப் பாத்துட்டு, இது பங்குனில நம்ம தோட்டத்துல கரும்பு வெட்டுனப்புறம் காஞ்ச சோகையக் கொளுத்துன கரிங்க சின்னவரே, உங்க அப்பா சொல்லித்தான் நான் கொளுத்துனேன்னாரு. இளவரசன் அதை 'சுற்றுச்சூழல் மாசு'ன்னு திருத்தினாரு.

நடுவுல ஒரு அசம்பாவிதம். கட்டி கை வழுக்கிக் கீழ வுழுந்துருச்சு. இளவரசன் பதறிட்டாரு. கீழ வுழுந்த கட்டிய மறுபடி வெச்சா பெயின்ட்டக் கீறிடுமாம், தூக்கிப் போட்டுறணுமாம்.

"களிமண்ணுல மண்ணு ஒட்டுனா களிமண்ணு வீணாங்க?" வேடியப்பன் கேட்டாரு.

"ஆமாண்ணே. அது சுத்தமான மண்ணு. இது அழுக்கு மண்ணு."

"நான் பாக்க ரெண்டும் மண்ணாத்தான் இருக்கு."

டப்பாவுல பிச்சு வெச்சிருந்த மீதிக் கட்டிய வெச்சு சாயங்காலம் வேல முடிஞ்சுது. இளவரசன் கவர மாட்டிக்கினு தடவிப் பாத்தாரு. வழுவழுன்னு, வெண்ணெ தோத்துச்சு. அவரு கண்ணு கலங்கிச்சு. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. களிமண்ணு போட்ட பெயின்ட்டு அம்மணமா நிக்கற மாதிரியாம். மேல மெழுகு போட்டாத்தான் அதுக்குத் துணி. மெழுகு மறுநா கள்ளக்குறிச்சி போயிட்டு வந்து போட்டுக்கலாம்னு ஏற்பாடு. அதுவரைக்கும் தொடாமை கண்டிப்பா அமல்ல இருக்கும்.

நாள் பூரா தேய்ச்ச வேடியப்பனுக்கு ஒரு ஆசை. அந்த வழவழப்பு எப்பிடி இருக்குன்னு ஒரே ஒரு தபா வெறுங்கையால தடவிப் பாக்கலாமான்னு கேட்டுக்கினே கையத் தூக்குனாரு. "வேணாண்ணே, கை எண்ணெ ஒட்டிடும்," இளவரசன் குறுக்க வந்து நின்னாரு. வேடியப்பன் கைய இழுத்து லுங்கில தொடைச்சுக்கினாரு. பகல் பூரா சோப்புத் தண்ணில கெடந்து ஊறி வெளுத்து சுருங்கிப் போன கை அது. அன்னிக்கு வடக்கனந்தல்லயே ஜாஸ்தி சுத்தமான கையும் அதுதான். ஆனா தீர்மானம்னா தீர்மானம்.

மறுநா காலைல அப்பாவும் மவளும் வந்து நின்னாங்க. கலையரசி இஸ்திரி போட்ட சுடிதார், கையில சர்ட்டிபிகேட் ஃபைலு. கார் கதவத் தொறக்கக் கைய நீட்டுச்சு.

"இரும்மா, கை வெக்காத."

"தொடாம எப்பிடிண்ணா ஏறது?"

இளவரசன் இதையெல்லாம் யோசிக்காத ஆளு இல்ல. தயாரா வெச்சிருந்த பிளாஸ்டிக் கவர எடுத்து நீட்டுனாரு. "இத மாட்டிக்கினு தொற. உள்ள சீட்டுல கவர் விரிச்சிருக்கேன், அது மேல உக்காந்துக்க. எறங்கும்போதும் அப்பிடியே. தப்பா நெனைக்காத, எல்லாம் பெயின்ட்டுக்காகத்தான்." பெயின்ட்டு வெளிய இருக்கு, சீட்டு உள்ள இருக்குன்னு யாரும் அப்ப சொல்லல.

அந்த நேரத்துல பாத்து வூட்டுக்குள்ளேர்ந்து இளவரசனோட அக்கா பொண்ணு தனுஷா ஓடியாந்துச்சு. யூகேஜி படிக்கற கொழந்த. ரெண்டு கையிலயும் ஜாம். நேரா வந்து பானெட்டு மேல ரெண்டு உள்ளங்கையும், ஒரு கன்னமும் வெச்சு சாஞ்சுக்கினு நின்னுச்சு. இளவரசன் "செல்லத்துக்கு கார் புடிச்சிருக்கா?"ன்னு கேட்டுக்கினே மெத்துன்னு இருக்கற ஒரு துணிய எடுத்து பானெட்டத் தொடைச்சாரு.

கலையரசி கவரப் பாத்துச்சு. கொழந்தையப் பாத்துச்சு.

"பாப்பாவுக்குக் கவர் இல்லீங்களாண்ணா?"

"அது நம்ம வூட்டுக் கைம்மா."

"நேத்து பூரா தேய்ச்சுதே எங்கப்பா கை, அது யார் வூட்டுக் கைண்ணா?"

பேரவை உறுப்பினரு எந்தக் கேள்விக்கும் தடுமாற மாட்டாரு. "நேத்து கைக்கும் காருக்கும் நடுவுல களிமண்ணு இருந்துச்சேம்மா," அப்பிடின்னாரு. சொல்லி முடிச்சப்புறம் அவருக்கே அது ரொம்ப சரியா சொன்ன மாதிரி தோணிச்சு.

வேடியப்பன் லுங்கிய எறக்கி வுட்டுட்டு மவள மட்டும் பாத்தாரு. கலையரசி அந்தக் கவர வாங்கி, அதுக்குள்ள சர்ட்டிபிகேட் ஃபைல வெச்சு மடிச்சுக்கினுச்சு. "மழ வர மாதிரி இருக்குண்ணா. இதுக்கு உதவும்," அப்பிடின்னு சொல்லிட்டு ரோட்டப் பாத்து நடந்துச்சு. அப்பா பின்னாடியே போனாரு.

பஸ்ஸு அன்னிக்கு வராத நாளு. கச்சிராயபாளையம் பக்கமிருந்து வந்த பால் வண்டிய மறிச்சு, கேனுங்க நடுவுல நின்னுக்கினே ரெண்டு பேரும் போனாங்க. டிரைவரு எங்க வேணா புடிச்சுக்கச் சொன்னாரு. மழ புடிச்சுது. துணி நனைஞ்சுது, ஃபைலு நனையல. காலேஜு படி ஏறும்போதே உள்ள இருந்து பேரு கூப்ட்டாங்களாம். சீட்டு கெடைச்சுது.

சேதி கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டவரு இளவரசன்தான். 'எங்கள் வீட்டுப் பிள்ளை கலையரசிக்கு வாழ்த்துகள்'னு ஸ்டேட்டஸ் போட்டு, கூடவே வெள்ளைக் கார் படத்தையும் போட்டாரு. பேரவைல எல்லாரும் ஹார்ட்டு வுட்டாங்க, காருக்கு.

மெழுகு போடத்தான் வேடியப்பன் வரல. அந்தத் தோட்டத்துக்கே வரல. கச்சிராயபாளையம் பக்கம் வேற யாரோ கழனிக்குப் போறாராம். இளவரசன் தெருத் தெருவா போய் ஆளு கேட்டுப் பாத்தாரு. கவர் கதை அவருக்கு முன்னாடியே எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேந்திருந்துச்சு. தானே போட்டுக்கலாம்னு ஒரு டயருக்கு மேல இருக்கற பெயின்ட்டுல கொஞ்சம் மெழுகு தடவிப் பாத்தாரு, தோள்பட்டை புடிச்சிக்கிச்சு. கார் இன்னும் அம்மணமா வெயில்ல நிக்குது. பெரியநாயகி அம்மா அது மேல ஒரு பழைய பொடவையப் போத்தி வெச்சிருக்காங்க.

ஆகவே இதைப் படிக்கற பெரியோர்களுக்கு இளவரசன் சார்பா ஒரு தாழ்மையான வேண்டுகோள். மெழுகு போட ஒரு கை அவசரமாத் தேவைப்படுது. அந்தக் கை பொழுது பூரா தேய்க்கணும், ஆனா தொடக் கூடாது. அழுக்கெல்லாம் எடுக்கணும், எடுத்து முடிச்சதும் தானே அழுக்குன்னு ஒத்துக்கினு ஒதுங்கிக்கணும். அப்பிடி ஒரு கை எங்கயாச்சும் இருந்தா கீழ பதில் போடுங்க. பக்கத்துத் தெருவுல தேடறதுக்கு முன்னாடி, உங்க வூட்ல யாருக்காச்சும் இருக்கான்னு மட்டும் ஒரு தபா பாத்துட்டுப் போடுங்க.