பிரேசிலுக்கு ஒரு பால்குடம்

ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் பாகான் டத்தோ கடற்கரைக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாமதித்தால் நல்ல நாடுகள் தீர்ந்துவிடும். ஈப்போவிலிருந்து நான்கு பேருந்துகளில் வந்து இறங்கிய கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு பெயர் பதியும் மேசைக்கு ஓடியது இதற்காகத்தான்.

"அக்கா, ஜப்பான் இருக்கா?"

"ஜப்பான் போச்சுலா. நோர்வே இருக்கு, எடுத்துக்கிறியா?"

உலக நாடுகளெல்லாம் கூடி, புகையைக் குறைக்கிறோம், பூமியைச் சூடாக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கின்றன அல்லவா? சொன்னபடி செய்தார்களா என்று பார்க்க வருடா வருடம் விமானம் ஏறிப் போய் மாநாடு போடுகிறார்கள். இந்தக் கடற்கரையில் பூசை நடத்தும் பூகோளானந்த சுவாமிகள் அந்தச் சிரமத்தையெல்லாம் ஒழித்துவிட்டார். வாக்கு என்றால் நேர்த்திக்கடன். அதை நிறைவேற்றாவிட்டால் கடல் மாதா கோபித்துக்கொண்டு ஊருக்குள் வருவாள். நாட்டுக்கு ஒரு பக்தர் பால்குடம் எடுத்தால் மாதா குளிர்ந்துவிடுவாள். குடத்துக்குக் காணிக்கை ஐம்பத்தொரு வெள்ளி. புகை அதிகம் விடும் நாடென்றால் நூற்றொன்று. சுவாமிகள் முன்பு சிம்பாங் பூலாயில் ஏர்கோன் விற்றவர். குளிரவைப்பதில் அனுபவம் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

இந்தக் கூத்தில் சிரிக்க முடியாத ஒருத்தி இருந்தாள். நவமணி. கடலோரத் தடுப்புக்கரையை ஒட்டி அவளுக்கு மூன்று ஏக்கர் தென்னை. போன வருடம் கரை உடைந்து உப்புத்தண்ணீர் உள்ளே வந்தது. நாற்பது மரங்கள் தலை சாய்ந்துவிட்டன. நிலக்காரர்கள் முப்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு திங்கட்கிழமைக்குள் வந்தால் இந்த வருடமே கரை கட்டலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அந்த முப்பது பேரும் யார்? ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி மிச்சம் பிடித்து இங்கே துண்டு நிலம் வாங்கியவர்களின் பிள்ளைகள். இப்போது ஈப்போ தொழிற்சாலைகளில் வேலை. ரப்பர் மரம் தெரியும், கடல் தெரியாது. எல்லாரும் அந்தப் பேருந்துகளில்தான் வந்திருந்தார்கள்.

"சாமிதான் கடலை இறக்குறாரே நவமணி. கையெழுத்துப் போட்டா அவரை நம்பலன்னு ஆயிடும்லா," என்றார் விழாக்குழுத் தலைவர் உடையப்பன். அவ்வளவுதான், முப்பது பேனாவும் மூடிக்கொண்டன.

கடல் இறங்கியது உண்மை. அதையும் சொல்லிவிட வேண்டும். சேற்றில் ஒரு மூங்கில் நட்டு விரல் விரலாகக் கோடு போட்டிருந்தார் சுவாமிகள். அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில் பாலை ஊற்றினால் தண்ணீர் கண்ணெதிரே இறங்கும். ஒரு ஞாயிறு காலை பத்து மணி முகூர்த்தம், அடுத்த ஞாயிறு சாயங்காலம் நான்கு. ஏன் இப்படி மாறுகிறது என்று நவமணி மட்டும்தான் யோசித்தாள். சனிக்கிழமை படகுத்துறைக்குப் போனவள், அங்கே ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துத் தனியாக நின்று சிரித்தாள்.

இந்த ஞாயிறு அன்னதானத்தை அவளே ஏற்றுக்கொண்டாள்.

"சாமி, மலேசியாவை மட்டும் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்கலாமா? நம்ம நாடு, நிதானமா பார்ப்போம்."

"இன்று உச்சிக்குப் பிறகு மாதா உறங்குவாள் அம்மா."

"பாயசம் இருக்கு சாமி," என்றது கூட்டம். பாயசத்துக்கு முன் எந்த மாதாவும் நிற்க முடியாது.

பத்து மணிக்குத் தொடங்கியது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுத்துப் பேர் கூப்பிடுவதுபோல் சுவாமிகள் ஒவ்வொரு நாடாகக் கூப்பிட்டார். நோர்வே, ஒரு விரல் இறங்கியது. ஜப்பான், இன்னொரு விரல். ஷாமினி என்ற கையுறைத் தொழிற்சாலைப் பெண் பிரேசிலின் குடத்தைச் சாய்த்ததும் இரண்டு விரல் இறங்க, அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பன்னிரண்டரைக்குள் உலகமே வாக்கைக் காப்பாற்றிவிட்டது.

நவமணி சேற்றில் இறங்கினாள். மூங்கிலில் காலையில் தண்ணீர் நின்ற கோட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள்.

"அண்ணே, மூணு மணிக்குத் தண்ணி இங்க நிக்கும்."

"சாமி இறக்குன தண்ணி எப்படி ஏறும்?" என்றார் உடையப்பன்.

"சாப்பிட்டுட்டு வந்து பாருங்க."

எல்லாரும் சாப்பிட்டார்கள். சுவாமிகளுக்கு மட்டும் பசியில்லை. கார் சாவியைத் தேடி எடுத்தார். காரை மறித்துக்கொண்டு நான்கு பேருந்துகள் நின்றன. ஓட்டுநர்கள் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்குத் தண்ணீர் துணியைத் தொட்டது.

சுவாமிகள் மலேசியாவைக் கூப்பிட்டார். பால் விழுந்தது, தண்ணீர் ஏறியது. "மலேசியா வாக்குத் தவறிவிட்டது," என்றார் கலங்கிய குரலில்.

"சரி சாமி. பிரேசிலை மறுபடி கூப்பிடுங்க. காலையில பாஸ் பண்ணிச்சே," என்றாள் நவமணி.

வேறு வழியில்லாமல் கூப்பிட்டார். ஷாமினி மீதிப் பாலை ஊற்றினாள். துணி முங்கியது. ஜப்பானும் நோர்வேயும் வந்தன, தண்ணீர் ஷாமினியின் முழங்காலுக்கு வந்தது. அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன் சாமி, நாம சாப்பிட்ட நேரத்துல எல்லா நாடுமா வாக்கு மாறிட்டாங்க?"

முதலில் ஒரு ஓட்டுநர் சிரித்தார். பிறகு நான்கு பேருந்தும் சிரித்தன.

நவமணி படகுத்துறையில் பிரதி வாங்கி மடித்து வைத்திருந்த காகிதத்தை உடையப்பனிடம் நீட்டினாள். "கடல் ஏறி இறங்குற நேரம் அண்ணே. படகுக்காரவங்க இதைப் பார்த்துத்தான் கடலுக்குப் போறாங்க. சாமியோட முகூர்த்தம் எல்லாம் தண்ணி வத்துற நேரம். பால் ஊத்தலன்னாலும் வத்தும்."

உடையப்பன் இரண்டு முறை படித்தார். முகம் கறுத்துவிட்டது. "அப்ப கரை?"

"உடைஞ்சுதான் கெடக்கு. அடுத்த பெரிய தண்ணிக்கு என் தோப்பு போயிடும். அதுக்கப்புறம் உங்க நிலம்."

ஷாமினி பால் பிசுபிசுத்த கையோடு பேனாவை வாங்கினாள். இருபத்தொன்பது கையெழுத்து விழுந்தபின் உடையப்பன் முப்பதாவதைப் போட்டார். சுவாமிகள் பணப்பெட்டியைத் திறந்து குடத்துக் காசைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பேருந்துகள் நகர்ந்தன.

மூங்கில் இன்னும் அங்கேயே நிற்கிறது. பெரிய மண்டபங்களில் கூடி வாக்குகளை ஆராய்கிறவர்களுக்கும் அதைக் காட்ட ஆசைதான். அது ஆகிற காரியமில்லை, நமக்காவது சொல்லிக்கொள்கிறேன். தண்ணீர் இறங்கிவிட்டது என்று எவன் சொன்னாலும் கைதட்டிவிட்டுப் பேருந்து ஏறாதீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் பாருங்கள்.