ரசமட்டம் பார்த்துக் கட்டிய பாத்தி

பட்டாபிராம்,
ஐப்பசி, மழை விட்ட காலை.

அன்பு மச்சான் ரிச்சர்டுக்கு,

உன் அத்தான் கிறிஸ்துதாஸ் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அக்கா ரோஸியும் இங்கே ஓரளவு உலர்ந்து நலமாக இருக்கிறோம். திருச்சியில் நீயும் ஸ்டெஃபியும் பிள்ளைகளும் முழுவதும் உலர்ந்து நலமாக இருக்கச் செபிக்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை ஒரு சரக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்து உன் அக்காவை அழைத்துக்கொண்டு போ. போன வருஷம் ஹாலுக்குள் தண்ணீர் வந்து, அவள் வழுக்கி விழுந்து, கையை முறித்துக்கொண்டு கிடந்தாளே, நான் வாசலில் நின்று தெருவையே கூப்பிட்டும் அவனவன் வீட்டுத் தண்ணீரை அவனவன் இறைத்துக்கொண்டிருந்தானே தவிர ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லையே, அப்போது நீ ஓடிவந்து திரு இருதயப் படத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி, "அத்தான், அடுத்த மழைக்கு அக்கா கால் நனைஞ்சா நான் தூக்கிட்டுப் போயிடுவேன், அப்புறம் பேசக் கூடாது" என்று சொன்னாய். நானும் தலையை ஆட்டினேன். நனைந்துவிட்டது. கிறிஸ்துதாஸ் வாக்கு மாறினான் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

ஆனால் நான் சும்மா இருந்து நனையவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. எங்கள் தெருவின் கதை உனக்குத் தெரியும். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுவார்கள், ரோடு ஏறும், வீடு இறங்கும். உடனே எதிர்வீட்டுத் தமிழ்வாணன் அவன் கேட்டுக்கு முன்னால் இருக்கும் சரிவை ஏற்றிக் கட்டுவான், அவன் வீட்டுத் தண்ணீர் என் வீட்டுக்கு வரும், நான் அவனைவிட ஏற்றிக் கட்டுவேன், அடுத்த கோடையில் அவன் என்னைவிட ஏற்றுவான். இப்படியே போனால் இரண்டு பேரும் மாடியிலிருந்து நேராக ரோட்டில் இறங்க வேண்டியதுதான். இந்தச் சரிவு விவகாரத்தில் நானும் அவனும் பேச்சை நிறுத்தி எத்தனையோ மழை ஆகிவிட்டது. அவன் வந்தால் நான் வானத்தைப் பார்ப்பேன், நான் வந்தால் அவன் செருப்பைப் பார்ப்பான்.

இந்த வருஷம் தெருக்கோடி ஃபிளாட்டுக்கு ரேஷ்மா என்று ஒரு பெண் குடிவந்தாள், தேனிப் பக்கம், தெருக்களை வடிவமைக்கிற படிப்பாம். அந்தப் பெண் வீடு வீடாக வந்து, தண்ணீரை அடுத்தவன் வீட்டுக்குத் தள்ளாமல் தெருவே குடிக்கிற மாதிரி செய்யலாம், இரண்டு ஓரத்திலும் ரோட்டைவிடத் தாழ்வாகப் பள்ளம் எடுத்து, அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்குமேல் மண் போட்டுக் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டால் மழை அதில் இறங்கிவிடும் என்றாள். எங்கள் போர்ட்டிகோவில் கூட்டம் போட்டோம். கொசு வரும் என்றார்கள், நின்றால்தானே கொசு, சீக்கிரமே மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றாள். காரை எங்கே விடுவது என்றார்கள். முனையில் இட்லிக் கடை போடுகிற முனியம்மா எழுந்து, "இன்னாம்மா, நீ பாட்டுக்குப் பள்ளம் தோண்டிகினு போயிட்டா நான் அடுப்ப எங்க வெக்கிறது?" என்றாள். அந்தப் பெண் அசரவில்லை, அடுப்புக்கு இடம் விட்டு, சாப்பிடுகிறவர்கள் உட்கார ஒரு சிமென்ட் பெஞ்சும் சேர்த்துக் காகிதத்தில் வரைந்து காட்டியது. அப்புறம் முனியம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து நாங்கள் வருவதற்குள் அவளே மண்வெட்டியோடு நிற்பாள். எல்லோரும் தோண்டினோம், தமிழ்வாணனும் தோண்டினான், நான் வானத்தைப் பார்த்துக்கொண்டும் அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டும்.

நம் வீடுதான் தெருவிலேயே தாழ்வு என்பதால் நம் வாசலில்தான் பெரிய பள்ளம். உன் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வாசல்ல ஆள் நீளத்துக்குக் குழி வெட்டி வெச்சிருக்கீங்களே, யாருக்குங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குப் பிடித்த நந்தியாவட்டையைக் கொண்டுவந்து நட்டேன். அதற்குள் ரேஷ்மா, "அங்கிள், ஓரத்தை அப்படியே விட்டு வைங்க, நான் வந்து முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரிட்டயர் ஆகிற வரைக்கும் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன், அரைகுறை வேலை என் வாசலில் கிடந்தால் சோறு இறங்காது. ஒரு பாத்தி என்றால் அதற்கு ஒரு கட்டைச் சுவர் வேண்டாமா? செங்கல் வாங்கிவந்து பள்ளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நானே கட்டினேன், சிமென்ட் பூசினேன், ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி இம்மி நகரவில்லை. காவியும் வெள்ளையும் பட்டை அடித்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று உன் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மச்சான், மழை வந்தது. மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தேன், கொட்டு கொட்டென்று கொட்டியது. மற்ற வீட்டுப் பள்ளங்கள் எல்லாம் குடிக்கக் குடிக்க, மிச்சத் தண்ணீர் மொத்தமும் நம் பள்ளத்தைத் தேடி வந்தது. வந்து, நான் கட்டிய கட்டையைத் தொட்டுப் பார்த்து, வழியில்லை என்று தெரிந்துகொண்டு, அதை மரியாதையாகச் சுற்றி நம் கேட்டுக்குள் நுழைந்தது. பள்ளத்துக்குள் நந்தியாவட்டை வெள்ளம் தொடாமல் நிற்கிறது, ஹாலில் உன் அக்காவின் தையல் மெஷின் கால் நனைகிறது. அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு நான் சாக்கை மடித்து வாசலில் திணித்துக்கொண்டிருக்கும்போது, தமிழ்வாணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு வருகிறான். வந்தவன் நேராக என் கட்டையில் ஓங்கி ஒரு போடு போட்டான். யோவ் என்று கத்தினேன். இன்னொரு போடு. காவிப் பட்டை ஒன்று பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் அப்படியே திரும்பிப் பள்ளத்துக்குள் இறங்கியது. கேட்டில் நின்ற தண்ணீர் பின்வாங்கியது. நாங்கள் இரண்டு பேரும் மழையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணாத்தே, தண்ணி வர்றதுக்கோசரம் தோண்டிட்டு, தண்ணி வராம கட்டிகீறியே, மட்டம் யாரு புடிச்சது?" என்றான்.

"நான்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் கட்டையைத் தடவிப் பார்த்தான். "மட்டம் கரீக்டா கீது" என்றான்.

அப்போது நான் வானத்தைப் பார்க்கவில்லை, அவன் செருப்பைப் பார்க்கவில்லை, மச்சான். உன்னிடம் சொல்வதற்கென்ன.

இருந்தாலும் வாக்கு வாக்குதான். சனிக்கிழமை வா. பீரோவையும் தையல் மெஷினையும் துடைத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு மாடியில் அவளுக்கென்று நீ ஒழித்து வைத்த அறையில் கட்டிலை ஜன்னல் ஓரம் போடு, அவளுக்குக் காற்று வேண்டும். நான் உடனே வரவில்லை. நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். மழைக்காலத்தில் செடிக்கு எதற்குத் தண்ணீர் என்று நீ கேட்பாய். கேட்காதே.

ஸ்டெஃபிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர். அந்தோனியார் உங்கள் வீட்டையும் சரக்கு வண்டி டிரைவரையும் காப்பாராக.

இப்படிக்கு,
வாக்கு மாறாத அத்தான்,
கிறிஸ்துதாஸ்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். உங்க அத்தான் இதை ஒட்டி, ஸ்டாம்ப் போட்டு, தினமும் ஸ்டேஷன் பக்கத்துத் தபால் பெட்டி வரைக்கும் எடுத்துட்டுப் போறார், திரும்பக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல வெச்சுடறார். அதான் பிரிச்சுப் படிச்சேன். தமிழ்வாணனைக் கடப்பாரையோட அனுப்பினது நான்தான். மாடியில இருந்து அவர் வீட்டுக்காரம்மா கஸ்தூரிக்குப் போன் போட்டேன். அவங்க ரெண்டு பேரும் பேசலேன்னா நாங்களும் பேசாம இருக்கணுமா என்ன. கட்டை தப்புன்னு எனக்கு முன்னாடியே தெரியும், மனுஷன் அவ்வளவு ஆசையா பட்டை அடிக்கும்போது சொல்ல வாய் வரலை. ஹால்ல தண்ணி வந்தது நிஜம்தான். ஆனா கஸ்தூரி ஒரு துடைப்பம், முனியம்மா ஒரு துடைப்பம், மழை விடறதுக்குள்ள தெருவே நம்ம வீட்டுக்குள்ள நின்னு துடைச்சிட்டிருந்துச்சு. எனக்குத் தண்ணியப் பாத்துப் பயம் இல்லைடா. கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்களேங்கிறதுதான் பயம். அது போயிடுச்சு. ரூமைப் பிள்ளைங்களுக்கே குடுத்துடு. சனிக்கிழமை கண்டிப்பா வா, வண்டி வேண்டாம், ரயில்ல வா, பழைய சட்டை ஒண்ணு எடுத்துக்கோ. ரேஷ்மா ஊர்லேர்ந்து வந்துடுச்சு, உடைச்ச இடத்துல கல்லு வெச்சுத் தண்ணி வழி கட்டப் போறோம். மேஸ்திரி உங்க அத்தானும் தமிழ்வாணனும்தான். ரசமட்டத்தை நான் ஒளிச்சு வெச்சுட்டேன்.