பொடி பாஸ் போன் எடுத்தால்

கொழும்பில் உயிரோடு இருப்பவர்களை அதிகமாகச் சாகடித்த மனிதர் யார் என்று கேட்டால், நான் யோசிக்காமல் பொடி பாஸ் என்பேன். இத்தனைக்கும் கொட்டாஞ்சேனையில் வாகனங்களின் நெளிவு எடுக்கும் கராஜ் வைத்திருக்கும் சாதுவான மனுஷன். வாயில் இருந்த ஒரு சொல்தான் பிரச்சினை.

வானோ காரோ எங்காவது முட்டிக்கொண்டால் அதன் கூடு முழுவதும் அவருக்குப் பொடி, இங்கிலிஷ் 'பாடி'தான். "பொடி நசுங்கிடுச்சு", "பொடிக்குப் பெயின்ற் அடிக்கணும்" என்பார். வெள்ளவத்தையில் எங்கள் வீடுகளிலோ பொடி என்றால் செத்தவரின் உடல். என் பெரியம்மா தடிமனுக்கு மூக்கில் உறிஞ்சுவதும் பொடி. எங்கள் தொடர்மாடிச் செயலாளர் நிர்வாகக் குழுவைப் பொடி என்பார். "நேற்று இரவு பொடி கூடி லிஃப்ற்றைத் திருத்த முடிவெடுத்தது" என்று அவர் அறிவித்ததைக் கேட்டு, புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா வேறு வீடு தேடத் தொடங்கினார்.

சிங்களத்தில் பொடி என்றால் சின்னது. கைவேலைக்காரரைப் பாஸ் என்பது இங்கே எல்லோருக்கும் பொது. ஆகவே சிங்கள வாடிக்கையாளர்கள் ஒரு குட்டை மனிதரைத் தேடி வருவார்கள். கராஜுக்குள்ளிருந்து அலுமாரி மாதிரி ஒருவர் தலையைக் குனிந்து வெளியே வந்ததும் தாங்களாகவே பின்னுக்குப் போவார்கள்.

ஒருமுறை மருதானையில் பொலிஸ்காரர் ஒருவர் பாஸின் லொறியை மறித்து, தார்ப்பாய்க்குள் என்ன என்று கேட்டார். "பொடி எகக் சேர்", ஒரு பொடி சேர், என்றார் பாஸ். சின்னச் சாமான் ஏதோ என்று பொலிஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கினால், உள்ளே ஒரு முழு வானின் கூடு. "மேக்கத பொடி?" இதுவா சின்னது என்று கேட்டு, அவர் லொறியைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். அந்த மனிதருக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று பாஸுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதெல்லாம் சின்ன அதிர்ச்சி. எங்கள் முன்வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்ட அன்று நடந்ததுதான் என்னை உறைய வைத்தது. அவருடைய மருமகன் தெரிந்த எல்லோருக்கும் போன் எடுத்து, "பொடி வீட்டுக்கு வந்திட்டுது, கெதியா வாங்கோ" என்றான். பாஸும் கெதியாக வந்தார். கருவிப் பெட்டியோடு வந்தார். கேற்றடியிலேயே மருமகனைப் பிடித்துக்கொண்டார்.

"அடி எங்க தம்பி?"

"நெஞ்சில, பாஸ்."

"முன்பக்கமா? பயப்படாதீங்க. தட்டி எடுத்துடலாம்."

மருமகன் அழுகையை அப்படியே நிறுத்தினான். கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் செத்த வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி பாஸின் கண்ணில் பட்டது. பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, திரும்பாமலே பின்னுக்கு நடந்து ஒழுங்கைச் சந்தியைத் தாண்டினார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வந்து, கடைசிக் கதிரை அடுக்கி முடியும்வரை நின்று உதவினார் என்பதையும் சொல்லவேண்டும்.

இத்தனை காலம் சுத்தியலோடு வாழ்ந்ததில் அவருக்குக் காதும் மந்தம். போனில் தான் சொல்லவேண்டியதைக் கத்திச் சொல்வார். மறுபக்கம் சொல்வதைக் குத்துமதிப்பாக விளங்கிக்கொள்வார். பிறகு வைத்துவிடுவார்.

அப்பாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்த கிழமையில்தான் எங்கள் வானும் பாஸிடம் கிடந்தது. காலி வீதியில் ஒரு பஸ் அதை உரசியிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு. வீட்டில் அம்மா விடிந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடித்ததும் யார், எவர் என்று கேட்கிற நிதானம் அவளுக்கு இல்லை.

"அக்கா, பொடி ரெடி. நல்லாக் கழுவித் துடைச்சு வச்சிருக்கேன். இங்க இடமில்ல, இன்னைக்கே எடுத்துடுங்க."

"ஐயோ, என்ர கடவுளே!"

"ஓம் அக்கா, முந்தி இருந்ததவிட வடிவா இருக்கு."

அவ்வளவுதான். அம்மா விழுந்துவிட்டாள். பெரியம்மா அவளைத் தாங்கிப் பிடித்து, மற்றக் கையால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டுவிட்டார்.

இது எதுவும் தெரியாமல் நான் அப்பாவுக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். மாமா போன் எடுத்தார்.

"பிள்ளை, எப்ப எடுக்கினம்?"

வீட்டுக்குக் கூட்டிப் போவதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நாளைக்கு விடியத்தான் மாமா. டொக்டர் ஒருக்காப் பாத்திட்டுத்தான் விடுவார்."

"இனி டொக்டர் என்னத்தைப் பாக்கப்போறார்?" என்று அவர் விம்மினார்.

குழுவைத் திறந்தேன். அப்பாவின் படம். சுற்றிவர மாலை. கீழே ஒரு குத்துவிளக்கு. தையல் காயாத நெஞ்சோடு கிடக்கிற மனிதர் இதைப் பார்த்தால் என்ன ஆவது என்று நான் போனை ஒளிக்கப் பார்த்தேன். என் முகத்தைக் கண்ட அப்பா கையை நீட்டி வாங்கிவிட்டார். மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"என்ர படத்துக்கு ஆர் மாலை போட்டது?"

அதற்குள் போன் மறுபடி அடித்தது. கனடாவில் இருந்து சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. ஒரு கலியாண வீட்டில் குறூப் போட்டோவுக்கு யார் நடுவில் நிற்பது என்று தொடங்கிய சண்டை வளர்ந்து, பல வருடங்களாக இருவருக்கும் பேச்சு இல்லை. அப்பா போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது.

"டேய், நான்தான்டா."

ஏதோ விழுந்து உடைகிற சத்தம். பிறகு ஒரு மெல்லிய குரல். "அண்ணா? நீ செத்துப்போனாய் எண்டு சொன்னாங்களே!"

"எனக்கும் இப்பதான் தெரியும்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் அழுதார்கள். அப்பாவின் இருதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரம் கீச்சிடத் தொடங்க, தாதி ஓடிவந்து போனைப் பறிக்கப் பார்த்தாள். அப்பா விடவில்லை. இத்தனை வருடம் விட்டிருந்ததே போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

விஷயம் வெளியானதும் பாஸ் வானைக் கொண்டுவந்து ஒழுங்கையில் விட்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அம்மா முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிடுவதாகப் பாஸ் சத்தியம் செய்தார். அடுத்த நாளே வத்தளையில் ஒரு வயதான மனிதருக்குப் போன் எடுத்து, "ஐயா, உங்க உடம்ப நாளைக்கு வந்து எடுத்துக்கங்க" என்றாராம்.

அப்பா எழுந்து நடமாடத் தொடங்கியதும் சித்தப்பா வந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேறு ஆள் போகக்கூடாது என்று பாஸே எங்கள் வானை எடுத்துக்கொண்டு போனார். வரும் வழியெல்லாம் பாஸ் வாய் திறக்கவே இல்லை என்று சித்தப்பா சொன்னார். ஒழுங்கையில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, அந்தப் பெரிய மனிதர் வானின் பின்பக்கம் போய், அழுக்கே இல்லாத கதவைச் சட்டைக் கையால் துடைத்தார். நடுவில் அந்தக் கை கண்ணுக்கும் போய் வந்தது.

அம்மா பல்கனியில் இருந்து குரல் கொடுத்தாள். "பாஸ், அங்க நிண்டு என்ன செய்யிறியள்? மேல வந்து சாப்பிடுங்கோ."

அன்றைக்கு அவருடைய தட்டில், போதும் போதும் என்று சொல்லச் சொல்ல, இடியப்பத்தை வைத்துக்கொண்டே இருந்தது அம்மாதான்.